பாஸ்போர்ட் போட்டோவில் ஒரு பொட்டு

கொஞ்சம் அந்தப் பக்கம் நகர்ந்து உட்காருங்கம்மா. இந்தக் கைப்பையைக் கீழே வைக்க முடியாது, மடியிலதான் வச்சுக்கணும். உள்ளே இருக்கிறது அப்படிப்பட்ட சாமான். நகையா? நகைன்னா இவ்வளவு பயப்பட மாட்டேன். பாஸ்போர்ட். என்னுது இல்லை. என்னுது வீட்டு பீரோவுல ஒரு முத்திரைகூட விழாம அப்படியே புத்தம் புதுசாக் கிடக்கு. இது அமெரிக்கப் பாஸ்போர்ட். நீலக்கலர், மேலே கழுகு போட்டிருக்கும். ஆறு வயசுப் பொண்ணுது.

நீங்க எங்கே, தாம்பரமா? நல்லதாப் போச்சு. நான் ஏர்போர்ட் ஸ்டாப்ல இறங்கணும். பேச்சுல விட்டுட்டேன்னா ஒரு வார்த்தை சொல்லுங்க.

என்ன பார்க்கிறீங்க, மெட்ரோவுல போயிருக்கலாமேன்னா? என் கொழுந்தனும் அதைத்தான் போன்ல சொன்னான். "அண்ணி, மெட்ரோவுல ஏறுங்க, ஏர்போர்ட் வாசல்லயே விட்டுடும்"னு. நியூஜெர்சியில உட்கார்ந்துக்கிட்டு எனக்கு மெட்ராஸ்ல வழி சொல்றான். சுரங்கத்துக்குள்ள போனா எனக்கு மூச்சு முட்டும். பஸ்ஸுன்னா காத்து வரும், பொம்பளைங்களுக்கு டிக்கெட்டும் கிடையாது. ஃப்ளைட் ஏழரைக்கு. இப்போ மணி நாலே கால். என்ன குடி முழுகிப் போச்சு?

போன் அடிக்குதா? அடிக்கட்டும். யாருன்னு தெரியும். பூங்கோதை. என் ஓரகத்தி. கொழுந்தன் தனசேகரோட பெண்டாட்டி. ரெண்டு மணியிலேர்ந்து பொண்ணையும் பெட்டியையும் வச்சுக்கிட்டு ஏர்போர்ட் வாசல்ல நிக்கிறா. நிக்கட்டும். கால் என்ன தேஞ்சா போயிடும்?

நான் கல்யாணமாகி வந்தப்போ தனசேகர் ஒன்பதாம் கிளாஸ். இங்கிலீஷ்ல பதினெட்டு மார்க். "அண்ணி, லெட்டர் ரைட்டிங் வரமாட்டேங்குது"ன்னு அடுப்படி வாசல்ல வந்து நிப்பான். நான் கான்வென்ட்ல படிச்சவ. எங்க சிஸ்டர் பெர்னதெத் கேள்வித்தாளைக் கையில குடுத்துட்டு ஒண்ணே ஒண்ணுதான் சொல்வாங்க: முதல்ல மேலே இருக்கிற குறிப்பைப் படி, அப்புறம் கேள்வியைப் படி. அதை அப்படியே அவனுக்கும் சொல்லிக் குடுத்தேன். அந்த இங்கிலீஷை வச்சுத்தான் அவன் அமெரிக்கா போனான். போனவன் யாரைக் கட்டினான்? அருப்புக்கோட்டைப் பொண்ணை. பத்தாவது வரைக்கும் தமிழ் மீடியம். நான் ஒண்ணும் குறையாச் சொல்லலை. கெட்டிக்காரிதான். கம்ப்யூட்டர்ல என்னமோ பண்றா, அவனைவிடச் சம்பளம் ஜாஸ்தி. ஆனா இங்கிலீஷ்ல பேசும்போது கேட்டா எனக்குப் பல் கூசும். அவ அமெரிக்காவுல. நான் நங்கநல்லூர்ல. சரி, விடுங்க.

அவ முழுகாம இருந்தப்போ பிரசவத்துக்கு நான்தான் வர்றேன்னு சொன்னேன். எனக்கென்ன, வீட்டுல நானும் அவரும் ரெண்டு பேர். பின்னாடி இழுக்கிறதுக்குப் பிள்ளையா குட்டியா? விசாவுக்குப் போனேன். பட்டுப்புடவை கட்டிக்கிட்டு, ஃபைலை அழகா அடுக்கிக்கிட்டு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு சின்னப் பையன். "உங்களுக்குக் குழந்தைகள் உண்டா?"ன்னு கேட்டான். இல்லைன்னேன். இன்னும் ரெண்டு கேள்வி. முடிஞ்சுது. ஒரு துண்டுக் காகிதத்தைக் கையில குடுத்து அனுப்பிட்டான். அடுத்த வருஷமும் போனேன், அதே காகிதம். பூங்கோதையோட அம்மாவுக்கு விசா கிடைச்சுது. அந்த அம்மாவுக்குக் கையெழுத்தே தடுமாறும். அவங்களுக்கு அஞ்சு பிள்ளைங்க, அதான்.

உங்களுக்குக் குழந்தைங்க இருக்கா? ரெண்டா. ம்... நல்லது.

இந்தக் குழந்தை பாருங்க, பொறந்து ரெண்டே மாசத்துல பாஸ்போர்ட். கழுத்து நிக்கலை, கண்ணைத் திறந்து போட்டோ எடுக்க முடியலை, வெள்ளைத் துணியில படுக்கப்போட்டு எடுத்தாங்களாம். அமெரிக்கக் குடிமகள். பேர் நறுமுகை, நான் முகைன்னு கூப்பிடுவேன். தெருவுல எல்லாரும், "உங்க கொழுந்தன் பொண்ணுக்கு ரெண்டு நாட்டுக் குடியுரிமையாமே"ன்னு வாயைப் பிளக்கிறாங்க. ரெண்டும் இல்லை, கிண்டும் இல்லை. இந்தியாவுல அப்படி ஒண்ணு கிடையவே கிடையாது. அது ஓசிஐ அட்டை. இங்கே வரலாம், இருக்கலாம், ஓட்டுப் போட முடியாது. அந்தக் குழந்தை அமெரிக்காவுக்குள்ள போகணும்னா அமெரிக்கப் பாஸ்போர்ட்லதான் போகணும். பதினாறு வயசு வரைக்கும் அஞ்சஞ்சு வருஷத்துக்குத்தான் குடுப்பாங்க. புதுசா எடுக்கணும்னா அப்பா அம்மா ரெண்டு பேரும் சம்மதிக்கணும். பூங்கோதைக்கு இதெல்லாம் தெரியாது. நான்தான் படிச்சுச் சொன்னேன். முதல்ல குறிப்பைப் படி, அதான் நம்ம வழக்கம்.

எங்க வீட்டுல இன்னொரு வழக்கம். லீவுக்கு வந்து இறங்கின உடனே பாஸ்போர்ட்டையெல்லாம் சாமி அலமாரியில வச்சுடணும். திரும்பிப் போற அன்னைக்குத்தான் எடுக்கணும். தனசேகர் முதல் தடவை போனப்போ எங்க மாமனார் ஆரம்பிச்சது. அதனால ஜூன் மாசம் வந்ததுலேர்ந்து அம்மாது பொண்ணுது ரெண்டும் பிள்ளையாருக்குப் பக்கத்துல இருந்துது. தினம் விளக்கேத்தும்போது எடுத்துப் பார்ப்பேன். சும்மாதான். அந்தப் படத்துல முகையைப் பார்த்தீங்கன்னா பாவமா இருக்கும். போன வருஷம் எடுத்தது. தலையைக் கொண்டையாத் தூக்கிக் கட்டி, காதுல ஒண்ணுமில்லாம, நெத்தி வெறிச்சோன்னு. அநாதைப் பிள்ளை மாதிரி. பெத்தவளுக்கு ஒரு பொட்டு வச்சுவிடக் கை வரலை பாருங்க.

அவங்க கிளம்பற அன்னைக்கு மத்தியானம். ஜூலை கடைசி. மசாலா டப்பாவுல பேர் எழுதிக்கிட்டு இருந்தேன், சாம்பார்ப் பொடி, ரசப்பொடின்னு, அவளுக்குக் குடுத்தனுப்பத்தான். கையில மார்க்கர். சாமி அலமாரிக்குப் போனேன், பாஸ்போர்ட்டை எடுத்தேன், படத்துல நெத்தி நடுவுல சின்னதா ஒரு பொட்டு. கடுகளவுதான். குங்குமம் வச்சா கொட்டிடும் இல்லையா? மார்க்கர்னா நிக்கும். ஏன் சிரிக்கிறீங்க? திருஷ்டிப் பொட்டு. குழந்தை அவ்வளவு தூரம் போகுதே, கண்ணு படக்கூடாதுன்னு.

பூங்கோதை பாஸ்போர்ட்டுல வைக்கலை. அவளுக்கு எதுக்கு?

பின்பக்கம் எழுதியிருக்கு, நான் இல்லைங்கலை. இதுல எதையும் மாத்தினாலோ சேதப்படுத்தினாலோ செல்லாதுன்னு. படிச்சிருக்கேன். அவ வந்த அன்னைக்குச் சத்தமா வாசிச்சும் காட்டியிருக்கேன். ஆனா பொட்டு வைக்கிறது மாத்துறதா? சேதப்படுத்துறதா? நீங்களே சொல்லுங்க.

இது கத்திப்பாரா. இன்னும் தூரம் இருக்கு.

கிளம்பறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி பூங்கோதை எடுத்துப் பார்த்தா. போட்டா பாருங்க ஒரு கத்தல். "அக்கா! யாருக்கா இதைப் பண்ணினது?" நான் என்ன ஓடியா ஒளிஞ்சேன்? "நான்தான். பொட்டு வச்சேன்"னேன். அப்படியே சுவத்துல சாஞ்சுக்கிட்டா. "அக்கா, இது பாஸ்போர்ட்டுக்கா. பாஸ்போர்ட்டு"ங்கிறா. எனக்குத் தெரியாதாம்! எச்சில் தொட்டுத் தேய்ச்சா. போகலை. நான்தான் சொன்னேன், நெயில் பாலிஷ் அழிக்கிற தண்ணி இருந்தா போகும்னு. சொல்லத்தான் செஞ்சேன். பாட்டிலைக் கவிழ்த்து அப்படிப் போட்டுத் தேய்க்கவா சொன்னேன்? பஞ்சை வச்சு அழுத்தித் தேய்ச்சா. பொட்டு போச்சு. மேலே இருந்த படலமும் வெளுத்துப் போச்சு. குளிக்கிற ரூம் கண்ணாடியில ஆவி படியுமே, அந்த மாதிரி ஆகிப்போச்சு குழந்தை முகம். கண்ணும் தெரியலை, மூக்கும் தெரியலை.

கெடுத்தது யாரு? நான் வச்சது கடுகளவு.

ஆனாலும் ஏர்போர்ட்டுக்குப் போனோம். கவுன்ட்டர்ல மிஷின் அதைப் படிக்கலை. ஒரு ஆள் வந்தான், ரெண்டாவது ஆள் வந்தான், சூப்பர்வைசர் அம்மா வந்து வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சுப் பார்த்தா. "மேடம், நீங்க போகலாம். குழந்தை போக முடியாது"ன்னா. பூங்கோதைக்கு அழுகை. தனசேகர் போன்ல. முகைதான் என் முந்தானையைப் பிடிச்சுக்கிட்டு, "பெரியம்மா, அப்போ நாம வீட்டுக்குப் போறோமா?"ன்னு கேட்டா. அந்தச் சமயத்துல எனக்கு என்ன இருந்துதுன்னு கேட்டீங்கன்னா... வருத்தம்தான். வருத்தம் இல்லாமலா? வர்ற வழியில கார்ல அவ என் மடியில தூங்கிட்டா. அவ்வளவுதான்.

தனசேகர் மறுநாள் என்கிட்ட என்ன சொன்னான் தெரியுமா? "அண்ணி, நீங்க வேணும்னு செய்யலைன்னு எனக்குத் தெரியும்." அதைச் சொல்ற விதம் இருக்கே! நான் செஞ்சேன்னு யாரோ சொன்ன மாதிரி.

இதோ, மறுபடியும் போன். பையை அழுத்தி வச்சுக்கறேன், சத்தம் கேக்காது.

அஞ்சு வாரம். புதுப் பாஸ்போர்ட்டுக்கு அப்பாவோட சம்மதக் கடிதம் வேணும். நோட்டரி முன்னாடி கையெழுத்துப் போட்டு, அவனோட அடையாள அட்டையை நகல் எடுத்து, அசல் கடிதத்தையே கூரியர்ல அனுப்பணும். அனுப்பறதுக்கு முன்னாடி போட்டோ எடுத்து எனக்கு அனுப்பிக் கேட்டான், "அண்ணி, எல்லாம் சரியா இருக்கா பாருங்க"ன்னு. பார்த்தேன். அட்டையோட முன்பக்கம் மட்டும் நகல் எடுத்திருந்தான். ரெண்டு பக்கமும் வேணும்னு குறிப்புல இருக்கு, பொடி எழுத்துல, கீழே. "நீ பார்க்காததாப்பா"ன்னு பதில் போட்டேன். தப்பா அது? அமெரிக்காவுல பதினாலு வருஷம் இருக்கான். ஒன்பதாம் கிளாஸ்லயே சொல்லிக் குடுத்தேன், குறிப்பைப் படி, குறிப்பைப் படின்னு. இன்னுமா நான் பக்கத்துல உட்கார்ந்து கோடு போட்டுக் காட்டணும்? அமெரிக்கத் தூதரகத்துல திருப்பி அனுப்பிட்டாங்க. இன்னும் ரெண்டு வாரம் போச்சு.

பூங்கோதை மாடி ரூம்ல கதவைச் சாத்திக்கிட்டு லேப்டாப்ல வேலை. குழந்தை பூரா என்கிட்டதான். எண்ணெய் வச்சு ரெட்டைப் பின்னல் போட்டேன். பாவாடை தச்சேன். குழிப்பணியாரத்தை ஊசியால திருப்பக் கத்துக்கிட்டா தெரியுமா, ஆறு வயசுல! வந்தப்போ தமிழே வராது. இப்போ, "பெரியம்மா, காய்க்காரன் ஏமாத்தறான், வெண்டைக்காயை ஒடிச்சுப் பாரு"ங்கிறா. கோயிலுக்குக் கையைப் பிடிச்சுக் கூட்டிக்கிட்டுப் போவேன். ஒரு நாள் பூக்காரி புதுசா வந்தவ, "பேத்தியாம்மா?"ன்னா. எனக்கு அம்பத்திரண்டு. பேத்தியாம்! "என் பொண்ணு"ன்னேன். பேச்சுக்குத்தான். பூக்காரிக்கிட்ட உறவுமுறையெல்லாம் விளக்கிக்கிட்டு நிக்கவா முடியும்?

பின்னாடியே பூங்கோதை வந்துக்கிட்டு இருந்தா. எனக்குத் தெரியாது.

அங்கேயே சண்டைக்கு வந்திருந்தா நானும் நாலு கேட்டிருப்பேன். வீட்டுக்கு வந்ததும் சாமி அலமாரியிலேர்ந்து அவ பாஸ்போர்ட், ஓசிஐ அட்டை, எல்லாத்தையும் எடுத்துப் பெட்டியில வச்சுப் பூட்டினா. என் முன்னாடி. சாவியைத் தாலிக்கொடியில கோத்துக்கிட்டா. எப்படி இருக்கும் எனக்கு? ரெண்டு வாரமா அக்காங்கிற வார்த்தை அவ வாயில வரலை. "இந்தாங்க", "சாப்பிடலாமா", அவ்வளவுதான். பொண்ணைக் கூட்டிக்கிட்டு மாடியிலயே படுத்துக்கிட்டா. முகை கீழே ஓடி வருவா, இவ கூப்பிட்டுடுவா. பெத்தவளாம்.

இல்லை, பெத்தவதான். யார் இல்லைன்னா?

இன்னைக்குக் காலையில தகவல் வந்துது, பாஸ்போர்ட் தயார்னு. திங்கக்கிழமை குழந்தைக்கு ஸ்கூல் திறக்குதுன்னு சாயந்தரமே ஃப்ளைட் போட்டுட்டா. யார் போய் வாங்கறது? எங்க வீட்டுக்காரர் காஞ்சிபுரத்துல ஆடிட்ல இருக்கார். இவளுக்குப் பெட்டி கட்டணும், ஆபீஸ் மீட்டிங் வேற. கடைசியில வேற வழியில்லாம அதிகாரக் கடிதத்துல என் பேரை எழுதினா. எழுதும்போது கை நின்னுது. பார்த்தேன். "நேரா ஏர்போர்ட்டுக்கு வந்துடுங்கக்கா"ன்னா. ரெண்டு வாரத்துக்கு அப்புறம் அக்கா.

போனேன், டோக்கன் எடுத்தேன், வாங்கினேன். இருங்க, காட்டறேன். கையைத் துடைச்சுக்கோங்க. பார்த்தீங்களா? புதுப் படம். நானும் கூடப் போனேன் ஸ்டூடியோவுக்கு. ரெட்டைப் பின்னல் நான் போட்டது. நெத்தி மட்டும் பழையபடி... அவங்கம்மா துடைச்சுவிட்டுட்டா. வெள்ளைப் பின்னணியில வெள்ளை முகம்.

ஆமா, மார்க்கர் பையில இருக்கு. அது எப்பவும் இருக்கும். ஏன் அதைப் பார்க்கிறீங்க? மூடித்தானே இருக்கு. நான் ஒண்ணும் பண்ணலை. அந்த ஆபீஸ் வாசல்ல உட்கார்ந்து கொஞ்ச நேரம் பார்த்துக்கிட்டு இருந்தேன், அவ்வளவுதான். ஒரு அரை மணி நேரம்.

போனா இனி எப்போ வருவான்னு தெரியலை. அடுத்த லீவுக்கு ஹவாயின்னு பேசிக்கிட்டாங்க போன்ல. எனக்கு விசா கிடைக்காது. முகைக்குத் தமிழ் மறந்துடும், ஆறு மாசம் போதும். பணியார ஊசி...

இது என்ன பாலம்? பல்லாவரமா? ஏர்போர்ட் போயிடுச்சா! ஐயய்யோ, நீங்க சொல்லியிருக்க வேணாமா? முதல்லயே சொன்னேனே, ஒரு வார்த்தை சொல்லுங்கன்னு! தோளைத் தட்டினீங்களா? ரெண்டு தரமா? நான் ஆறுதலாத் தட்டறீங்கன்னு நினைச்சேன். தட்டினா வாயைத் திறந்து சொல்றதுக்கென்ன? உங்களுக்குத் தெரியும், தெரிஞ்சும் சும்மா உட்கார்ந்து கதை கேட்டிருக்கீங்க. இப்போ யார் பேர்ல பழி விழும்? என் பேர்ல!

மணி என்ன? அஞ்சே கால். தாம்பரம் வரைக்கும் உட்கார்ந்தே போயிட்டா... போக்குவரத்து நெரிசல்னு சொன்னா யார் நம்ப மாட்டாங்க? நிஜமாவே நெரிசல்தானே. இந்த ஃப்ளைட் போனா இன்னொண்ணு. திங்கக்கிழமை ஸ்கூல்னா என்ன, இங்கே ஸ்கூலே இல்லையா?

மறுபடியும் அடிக்குது. சரி, எடுக்கறேன். எடுத்துத் தொலைக்கிறேன். ஹலோ.

முகையா? நீ எப்படிடி அம்மா போனை... ம். ம். வந்துக்கிட்டே இருக்கேன் கண்ணு. நெரிசல். ம்... அம்மா ஏன் அழறா? என்ன சொன்னா? ...நீ என்ன சொன்னே? ...இல்லைடா. இல்லைடா தங்கம். அழலை, பஸ்ஸுல காத்து. வைக்கிறேன்.

என்னன்னா... "பெரியம்மா வரமாட்டாங்கன்னு அம்மா அழறா. நான் சொன்னேன், பெரியம்மா வருவா, எனக்குப் பொட்டு வச்சுவிடாம அனுப்ப மாட்டான்னு." அப்படிங்கிறா.

கண்டக்டர்! நிறுத்துங்க! இங்கேயே, இந்த சிக்னல்லயே! ஸ்டாப் இல்லைன்னா பரவாயில்லை, இறங்கிக்கறேன். எதிர்ப்பக்கம் ஆட்டோ நிக்குது பாருங்க. எவ்வளவு கேட்டாலும் சரி.

நகருங்கம்மா, காலை எடுங்க. இருங்க, ஒரு நிமிஷம். இந்தாங்க. பிடிங்க. மார்க்கர்தான். நல்ல மார்க்கர், தண்ணி பட்டா அழியாது. மசாலா டப்பாவுல பேர் எழுதலாம். இல்லை, எனக்கு வேண்டாம். இப்போதைக்கு என் பையில இருக்க வேண்டாம். வாங்கிக்கோங்கன்னா வாங்கிக்கோங்களேன்!